பேசத் தாமதமாகும் குழந்தைக்கு ஸ்பீச் தெரபி: காது பரிசோதனையிலிருந்து வீட்டுப் பயிற்சி வரை

இரண்டு வயது தாண்டியும் குழந்தை பேசவில்லை என்றால் வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார், தானா வந்துடும்" என்பது ஒன்று. "ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிட்டுப் போங்க, பேச வச்சிடுவாங்க" என்பது இன்னொன்று. இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். முதலாவதை நம்பினால் பொன்னான மாதங்கள் வீணாகலாம். இரண்டாவதை நம்பினால், குழந்தையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்துவிடுவீர்கள்.

தெரபிஸ்ட் குழந்தையைப் பார்ப்பது பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, 30 முதல் 45 நிமிடம். மற்ற நேரமெல்லாம் குழந்தை உங்களோடுதான் இருக்கிறது. அதனால் சின்னக் குழந்தைக்கான தெரபியில் பாதிக்கு மேல் உங்களுக்கான பயிற்சி: எப்படிப் பேசுவது, எங்கே நிறுத்துவது, எதற்காகக் காத்திருப்பது. எப்போது போக வேண்டும் என்பதில் தொடங்கி, காது பரிசோதனை, மதிப்பீடு, வீட்டுப் பயிற்சி என்ற வரிசையில் இந்தக் கட்டுரை போகிறது.

எப்போது போக வேண்டும்

சொல் வருவதற்கு வெகு முன்பே தொடர்புகொள்ளுதல் தொடங்கிவிடுகிறது. கண்ணைப் பார்ப்பது, பேர் சொன்னால் திரும்புவது, விரல் நீட்டிக் காட்டுவது, டாட்டா காட்டுவது எல்லாம் பேச்சின் அஸ்திவாரம். ஆகவே "எத்தனை வார்த்தை பேசுது" என்று மட்டும் பார்க்காதீர்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தெரபிஸ்டிடம் மதிப்பீட்டுக்குப் போகலாம்:

- 12 மாதம் ஆகியும் "பபப, மமம" என்று மழலை ஒலிகள் இல்லை. விரல் நீட்டுவது, கையசைப்பது போன்ற சைகைகளும் இல்லை.
- 16 மாதம் ஆகியும் ஒரு சொல்கூட இல்லை.
- 24 மாதம் ஆகியும் "கார் போச்சு", "அம்மா வா" போல இரண்டு சொற்களைத் தானாகச் சேர்க்கவில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்வது இதில் சேராது.
- பேசுகிறது, ஆனால் 3 வயதிலும் வெளியாட்களுக்குப் பாதிகூடப் புரியவில்லை. பொதுவான கணக்கு இது: அறிமுகமில்லாதவருக்கு 2 வயதில் பாதி, 3 வயதில் முக்கால்வாசி, 4 வயதில் அநேகமாக முழுவதும் புரிய வேண்டும்.

எந்த வயதானாலும், வந்த சொற்களோ சைகைகளோ மறைந்துபோனால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் குழந்தைகள் மருத்துவரைப் பாருங்கள். அதைத் தாமதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அது தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, இரண்டு வயது வரை, பிறந்த தேதியை விட்டுவிட்டுப் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.

முதலில் காது

பேச்சு தாமதம் என்றால் முதல் வேலை காது பரிசோதனை. "கதவு அடிச்சா திரும்புறானே, காது நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். கதவுச் சத்தம் கனமான, தாழ்ந்த சுருதி ஒலி. மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தை கதவுக்கும் திரும்பும், பேருக்கும் திரும்பும். ஆனால் ச, ஸ போன்ற எழுத்துகள் அதன் காதில் விழாது. சளி பிடிக்கும்போதெல்லாம் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு, ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் அடைத்தாற்போல் கேட்கும். வீட்டில் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்று பரிசோதனைகளின் பேர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓ.ஏ.இ. என்பது காதில் சின்ன முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடிவது. உள்காது வேலை செய்கிறதா என்று காட்டும். பெரா என்பது குழந்தை தூங்கும்போது நெற்றியிலும் காதருகிலும் உணரிகளை ஒட்டி, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பது. அங்கே போய்த்தான் குழந்தை தூங்க வேண்டும், வழியில் தூங்கவிட்டால் பரிசோதனை தள்ளிப்போகும். டிம்பனோமெட்ரி நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று சொல்லும். பிறந்தவுடன் செய்த பரிசோதனையில் பாஸ் ஆகியிருந்தாலும் மறுபடி செய்யுங்கள். கேட்கும் திறன் பிற்பாடும் குறையலாம்.

"நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கு, வெட்டிட்டா பேசிடும்" என்ற பேச்சும் வரும். நாக்கு ஒட்டு சிலருக்குப் பால் குடிப்பதிலும் ஒன்றிரண்டு எழுத்து உச்சரிப்பதிலும் சிரமம் தரலாம். ஆனால் சொல்லைப் புரிந்துகொள்வதையோ விரல் நீட்டிக் கேட்பதையோ அது தடுக்காது. மொழியே வராததற்கு நாக்கைக் காரணமாக வைத்துக்கொண்டு உண்மையான காரணத்தைத் தவற விடாதீர்கள்.

முதல் சந்திப்புக்கு எடுத்துப்போக வேண்டியவை

புது இடத்தில் குழந்தை வாயே திறக்காமல் போகலாம். அதனால் வீட்டில் எடுத்த வீடியோ மூன்று கொண்டுபோங்கள், ஒவ்வொன்றும் 2 நிமிடம் போதும்: தனியாக விளையாடுவது, உங்களோடு விளையாடுவது, ஏதாவது வேண்டும் என்று கேட்பது. கேமராவைப் பார்த்து "சொல்லு சொல்லு" என்று சொல்லவைத்த வீடியோ பயன்படாது.

கூடவே ஒரு சொல் பட்டியல். பந்தைப் பார்க்கும்போதெல்லாம் "பா" என்றால் அது சொல்தான், எழுதுங்கள். நாயைக் காட்டி "பௌ பௌ" என்றாலும் சொல்தான். நீங்கள் சொன்னதும் அந்த நேரத்துக்குத் திருப்பிச் சொல்லிவிட்டு, பிறகு தானாக எப்போதும் சொல்லாததைச் சேர்க்காதீர்கள். வீட்டில் இரண்டு மொழி இருந்தால் இரண்டிலும் உள்ள சொற்களை ஒன்றாகக் கூட்டுங்கள். பிரசவக் குறிப்புகள், காது பரிசோதனை முடிவுகள், குழந்தைக்குப் பிடித்த ஒரு பொம்மை, இவற்றையும் மறக்க வேண்டாம்.

மதிப்பீட்டில் என்ன பார்ப்பார்கள்

தெரபிஸ்ட் வெறுமனே விளையாடிக்கொண்டிருப்பதுபோல் தெரியும். அவர் பார்ப்பது குழந்தைக்கு எவ்வளவு புரிகிறது, தன் விருப்பத்தை எப்படித் தெரிவிக்கிறது, விளையாட்டு எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது, எந்தெந்த ஒலிகள் வருகின்றன, வாயும் அண்ணமும் எப்படி இருக்கின்றன என்பதையெல்லாம்.

இதில் பெற்றோர் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "எல்லாம் புரியுது, பேச மட்டும்தான் மாட்டேங்குது" என்பார்கள். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைக் குழந்தையின் முகத்தில் மட்டும் வையுங்கள். வழக்கமாகச் சொல்லாத நேரத்தில், "அந்தச் செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லுங்கள். வெளியே கிளம்பும்போது கையில் பையோடு, வாசலைப் பார்த்தபடி சொன்னால் எந்தக் குழந்தையும் செருப்பை எடுத்துவரும். அது சூழ்நிலையைப் புரிந்துகொள்கிறது, சொல்லை அல்ல. இந்த வித்தியாசத்தைத் தெரபிஸ்டிடம் சரியாகச் சொன்னால் மதிப்பீடு சரியாக அமையும். புரிதலே குறைவாக இருக்கும் குழந்தைக்கு உச்சரிப்புப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

மதிப்பீடு முடிந்ததும் இலக்கை எழுத்தில் கேளுங்கள். "பேச வைப்பது" என்பது இலக்கு ஆகாது, அளக்க முடியாது. "விளையாட்டில் 10 வாய்ப்பு கொடுத்தால் 8 முறை, கையைப் பிடித்து இழுக்காமல், சைகையாலோ சொல்லாலோ கேட்க வேண்டும்" என்பதுதான் இலக்கு. இது வந்ததா இல்லையா என்று உங்களாலேயே சொல்ல முடியும்.

வீட்டில் செய்வது: இதுதான் தெரபியின் பெரும்பகுதி

தினம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் ஒதுக்குங்கள். டிவி, போன் அணைந்திருக்கட்டும். நீங்கள் தரையில் உட்கார்ந்தோ படுத்தோ, உங்கள் முகம் குழந்தையின் முகத்துக்கு நேரே வர வேண்டும். நீங்கள் வாங்கிவைத்த விளையாட்டை விட்டுவிடுங்கள், குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள்.

சோப்புக் குமிழி ஊதும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு முறை ஊதுங்கள். குழந்தை துள்ளும். பிறகு மூடியை இறுக்கமாக மூடிப் புட்டியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, எதிர்பார்ப்போடு முகத்தைப் பாருங்கள். ஒன்றும் பேசாமல், மனசுக்குள் 10 வரை எண்ணுங்கள். மிகவும் கடினமான பகுதி இதுதான். பெரியவர்களுக்கு இரண்டு விநாடி மௌனமே தாங்காது, "ஊதணுமா? அம்மா ஊதட்டுமா?" என்று வாய் தானாகத் திறந்துவிடும். அடக்கிக்கொள்ளுங்கள். குழந்தை புட்டியைத் திருப்பித் தரலாம், உங்கள் கையை மூடிமேல் வைக்கலாம், கண்ணைப் பார்க்கலாம், "ஊ" எனலாம். எது வந்தாலும் அது கேட்பதுதான். உடனே "ஊது!" என்று ஒரே சொல்லைத் தெளிவாகச் சொல்லி, அந்தக் கணமே ஊதுங்கள். சொல்லும் செயலும் ஒட்டி வர வேண்டும், ஊதி முடித்தபின் சொன்னால் பயனில்லை. இதையே பத்துப் பதினைந்து முறை செய்தால் "ஊது" என்ற சொல் பத்துப் பதினைந்து முறை பொருளோடு குழந்தையின் காதில் விழுந்திருக்கும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, "ஊதுன்னு சொன்னாத்தான் ஊதுவேன்" என்று அழும் வரை பிடித்துவைப்பது. குழந்தை சொல்லைக் கற்காது, எழுந்து போய்விடும், அடுத்த நாள் அந்தப் புட்டியைக் கண்டாலே விலகும். 10 எண்ணியும் ஒன்றும் வரவில்லையா? நீங்களே "ஊது" என்று சொல்லி ஊதிவிடுங்கள். அதுவும் பயிற்சிதான்.

எத்தனை சொல்லில் பேசுவது? குழந்தை இருக்கும் படிக்கு ஒரு படி மேலே. பேச்சே இல்லை என்றால் ஒற்றைச் சொல். ஒற்றைச் சொல் பேசும் குழந்தையிடம் இரண்டு மூன்று சொல். "கார்" என்று சொன்னால் "ஆமா, கார் போகுது" என்று சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். "சொல்லு, கார் போகுது சொல்லு" என்று கேட்க வேண்டாம். தப்பாகச் சொன்னாலும் அப்படித்தான்: "தார்" என்றால், "ஆமா, கார்! பெரிய கார்" என்று சரியான வடிவத்தை இயல்பாகக் காதில் போட்டுவிட்டு விளையாட்டைத் தொடருங்கள்.

கேள்விகளைக் குறையுங்கள். "இது என்ன? என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் விளையாட்டு பரீட்சையாகிவிடும். நாலைந்து முறை நீங்கள் சொன்னால் ஒரு கேள்வி போதும்.

முதலில் எந்தச் சொற்கள்? பலரும் நிறம், எண், ஏ பி சி டி, உடல் உறுப்புகளில் தொடங்குகிறார்கள். இருபது எழுத்து ஒப்பிக்கும் குழந்தை தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் அழுவது இதனால்தான். காரியம் சாதிக்கும் சொற்களில் தொடங்குங்கள்: தா, வா, போ, இன்னும், வேண்டாம், திற, முடிஞ்சுது. தமிழில் இவற்றில் பல ஓரெழுத்துச் சொற்கள், வாய்க்கும் எளிது. "வேண்டாம்" என்ற சொல்லைக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். மறுக்கச் சொல் இல்லாத குழந்தைதான் கடிக்கும், தள்ளும், தரையில் விழுந்து புரளும்.

திரை விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தந்த வழிகாட்டுதல் தெளிவானது: 2 வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. திரை பேசும், ஆனால் குழந்தையின் பதிலுக்குக் காத்திருக்காது.

இரண்டு மொழி பேசுவதால் பேச்சுத் தாமதம் வராது. "ஒரே மொழியில் பேசுங்கள், வீட்டு மொழியை நிறுத்துங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில்தான் நீங்கள் கொஞ்சவும் கதை சொல்லவும் முடியும், குழந்தைக்கு வேண்டியது அதுதான்.

பேச்சு தெளிவில்லாத குழந்தைக்கு

இது வேறு வகை வேலை. ப, ம, த, ந போன்றவை சீக்கிரம் வரும். ர போன்றவை தாமதமாக வரும். ரயிலை "லயில்" என்று மூன்று வயதுக் குழந்தை சொன்னால் கவலைப்பட ஒன்றுமில்லை. ழகரத்துக்காகப் பயிற்சிக்கு ஓட வேண்டாம், பெரியவர்களிலேயே பலர் ளகரமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நாலு வயதிலும் "கண்ணு" என்பதை "தண்ணு", "கை" என்பதை "தை" என்று சொன்னால் தெரபிஸ்டைப் பார்க்க வேண்டும்.

இந்தக் க/த மாற்றத்தைத் திருத்தும் வழியைப் பார்த்தால் மற்ற ஒலிகளுக்கும் முறை புரியும். முதலில் காதுக்குப் பயிற்சி. காய், தாய் என்ற இரண்டு படங்களை வைத்து, நீங்கள் சொல்வதைக் குழந்தை தொட வேண்டும். வித்தியாசம் காதில் பிடிபட்டால்தான் வாயில் வரும். அடுத்து இடத்தை மாற்றுங்கள்: இப்போது குழந்தை சொல்ல, நீங்கள் எடுத்துக் கொடுங்கள். காய் வேண்டும் என்று நினைத்துக் குழந்தை "தாய்" என்றால், தாய் படத்தையே கொடுங்கள். "இல்ல, அது!" என்று குழந்தை திகைக்கும் அந்த இடத்தில்தான், தான் சொன்னது வேறு பொருள் தந்துவிட்டது என்று அதற்கே தெரிகிறது. கட்டு, தட்டு என்ற சோடியும் இதற்கு நன்றாக உதவும்.

பிறகு ஒலி. க ஒலிக்கு நாக்கின் பின்பகுதி மேலே எழ வேண்டும், நுனி கீழே இருக்க வேண்டும். குழந்தை மல்லாந்து படுத்தால் நாக்கு தானாகப் பின்னால் சரியும். அந்த நிலையில் "அக்" என்று சொல்லிப் பார்க்கலாம். வாயை நன்றாகத் திறந்து, நாக்கு நுனி கீழ்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கக் கண்ணாடியில் பார்க்கச் செய்யலாம். "அக்" வந்ததும் "அக்கா", "சக்கரம்", "பக்கம்" என்று போங்கள். தமிழில் இரட்டித்த க்க அழுத்தமாக ஒலிக்கும். "மகன்" போல ஒற்றையாக நடுவில் வரும் க தளர்ந்து ஒலிப்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் முதலில் என்றால் கூ, கோ எளிது, ஏனென்றால் அந்த உயிரொலிகளுக்கு நாக்கு ஏற்கெனவே பின்னால் இருக்கிறது. கி, கே கடினம்.

வரிசை எப்போதும் இதுதான்: தனி ஒலி, அசை, சொல், சொற்றொடர், வாக்கியம், கதை, சாதாரணப் பேச்சு. ஒரு படியில் 10-க்கு 8 சரியாக வந்தபின் அடுத்தது. சொல்லில் சரியாக வந்தது பேச்சில் வரவில்லையே என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். படி தாண்டியதுதான் காரணம். வீட்டில் தினம் இரு வேளை 5 நிமிடம், ஒவ்வொன்றிலும் 30 முறையாவது அந்த ஒலி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் உட்காரவைப்பதில் பலன் குறைவு.

விசில் ஊதுவது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, நாக்கைப் பக்கவாட்டில் ஆட்டுவது ஆகியவற்றையே மாதக்கணக்கில் செய்யச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஊதுவதும் பேசுவதும் நாக்கு, உதடுகளின் வெவ்வேறு வேலைகள். ஊதிப் பழகுவதால் உச்சரிப்பு திருந்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

ஒரே சொல்லை மூன்று முறை சொல்லச் சொன்னால் மூன்று விதமாகச் சொல்கிறது, உயிரொலிகளும் மாறுகின்றன, வாய் சரியான இடத்தைத் தேடித் தடுமாறுகிறது என்றால் அதைத் தெரபிஸ்டிடம் தனியாகக் குறிப்பிடுங்கள். வாய் அசைவைத் திட்டமிடுவதில் சிக்கல் இருக்கலாம். அப்படியானால் வாரம் ஒரு முறை போதாது; குறுகிய, அடிக்கடி நடக்கும் பயிற்சி தேவை.

பேச்சே வராத குழந்தைக்குப் படம் காட்டலாமா?

காட்டலாம், காட்ட வேண்டும். படஅட்டை, சைகை, பட்டனைத் தொட்டால் பேசும் டேப்லெட் எதுவாக இருந்தாலும், "இதற்குப் பழகிவிட்டால் பேசவே பேசாது" என்ற பயம் தேவையில்லை. இவை பேச்சைத் தடுப்பதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாக இருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது. எல்லா வழியும் தோற்றபின் கடைசியாக எடுக்கும் ஆயுதமாக இதை வைக்க வேண்டாம், தொடக்கத்திலேயே கொடுங்கள். நீங்களும் பேசும்போது அதே படத்தைத் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். யாரும் பயன்படுத்திக் காட்டாத டேப்லெட் அலமாரியில்தான் தூங்கும்.

ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லும். "தண்ணி வேணுமா?" என்று குழந்தை சொன்னால் அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று பொருள். கேள்வியாகச் சொல்கிறதே என்று அடக்காமல், "தண்ணி வேணும்" என்று குழந்தை சொல்ல வேண்டிய வடிவத்திலேயே சொல்லிக் கொடுங்கள்.

திக்கல்

2 முதல் 5 வயதுக்குள் பல குழந்தைகளுக்குத் திக்கல் தொடங்கும். பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். 6 மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ, முகம் இறுகிக் கண் சிமிட்டி ஒலி வெளிவராமல் நின்றாலோ காத்திருக்க வேண்டாம். "மெதுவா பேசு, மூச்சு விட்டுப் பேசு" என்று குழந்தையிடம் சொல்வதை நிறுத்திவிட்டு, நீங்கள் உங்கள் வேகத்தைக் குறையுங்கள். வாக்கியத்தை முடித்துக் கொடுக்காதீர்கள்.

முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது

மாதம் ஒரு முறை, ஒரே விளையாட்டை, 3 நிமிடம் வீடியோ எடுங்கள். தினமும் பார்ப்பவருக்கு மாற்றம் கண்ணில் படாது. முதலில் கூடுவது பெரும்பாலும் சொற்கள் அல்ல: கண் பார்வை, விரல் நீட்டுவது, உங்களைத் திரும்பிப் பார்ப்பது. இவற்றையும் நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் எழுதிய இலக்கில் எந்த அசைவும் இல்லை என்றால், தெரபிஸ்டுடன் உட்கார்ந்து பேசுங்கள். இலக்கு பெரிதாக இருக்கலாம், முறை பொருந்தாமல் இருக்கலாம், காதில் மறுபடி நீர் கோத்திருக்கலாம்.

பெற்றோரை அறைக்குள் விடாத இடம், வீட்டில் என்ன செய்வது என்று சொல்லித்தராத இடம், இத்தனை மாதத்தில் பேச வைக்கிறோம் என்று உறுதி கொடுக்கும் இடம், இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

இலக்குகள் நிறைவேறியதும் திடீரென்று நிறுத்த வேண்டாம். வாரம் ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். மொழி தாமதமாக வந்த குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதிலும் படித்ததைப் புரிந்துகொள்வதிலும் சிரமம் வரும் வாய்ப்பு சற்று அதிகம். ஆகவே பள்ளியில் சேர்ந்து வாசிக்கத் தொடங்கும் வருடத்தில் இன்னொரு முறை மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். பழைய வீடியோக்களையும் நோட்டையும் அன்றைக்கு எடுத்துப்போங்கள்.